கையில் ஜெபப் புத்தகம், கால் கடற்கரைக்கு

இன்றைக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் போய்ப் பாருங்கள். காலில் ஷூ மாட்டிக்கொண்டு, கையை வீசிக்கொண்டு, ஆணும் பெண்ணுமாக நடக்கிறார்கள். யாரும் யாரையும் எங்கே போகிறாய் என்று கேட்பதில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் சாந்தோமில் ஒரு பெண், அதுவும் கல்யாணமாகாத டீச்சர், விடிந்தும் விடியாமலும் தெருவில் தனியாக நடந்தால் அதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும். பால் வாங்கப் போகலாம், கோயிலுக்குப் போகலாம், சாவு வீட்டுக்குப் போகலாம். நடப்பதற்காக நடக்கிறவளைக் கிறுக்கு என்பார்கள். அந்தப் பட்டம் எனக்கு வேண்டாம் என்று நான் ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். அதில்தான் வந்தது வினை.

அம்மா போய்ச் சேர்ந்த பிறகு நான் தனிக்கட்டை. அப்பா அதற்கும் வெகுநாள் முன்பே காலமாகிவிட்டார். அண்ணன் பம்பாயில் இருந்தான். கிறிஸ்துமஸுக்கு ஒரு கார்டு போடுவதோடு அவன் கடமை முடிந்தது. ஒரு பழைய மாடி வீட்டின் கீழ்ப் போர்ஷனில் குடியிருந்தேன். ஒரு கூடம், ஒரு சமையலறை, பின்பக்கம் கிணறு. மாடியில் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். அண்ணாச்சிக்குத் தி. நகரில் ஜவுளிக்கடை. காலையில் போனால் ராத்திரி கடையைச் சாத்திவிட்டுத்தான் வருவார். அவர் மனைவிக்குக் கிட்டத்தட்ட என் வயதுதான். நான் அக்கா என்பேன், அவர் என்னை டீச்சர் என்பார்.

சாயங்காலம் நான் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்துக்கு அக்கா முறத்தில் அரிசியோடு இறங்கி வந்து மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்துவிடுவார். ரேஷன் அரிசியில் கல் பொறுக்குவது சாக்கு. பேச்சுதான் வேலை. முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "டீச்சர், சாப்டாச்சா?" நாலு பேர் இருக்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கேள்வி காதில்கூட விழாது. எனக்கு விழும். பகல் முழுக்கப் பிள்ளைகளிடம் கத்திவிட்டு வந்து, வீட்டுக்குள் பேச ஆளில்லாமல் இருக்கிறவளுக்கு அந்த மாடிப்படிதான் உறவு, ஊர் எல்லாம். சாப்பிடாமலே சாப்பிட்டாச்சு என்று சொல்லியிருக்கிறேன், கேட்டதே போதும் என்று.

பண்டிகைக்குப் பண்டிகை தட்டு ஏறும், இறங்கும். தீபாவளிக்கு மேலிருந்து முந்திரிக்கொத்தும் அதிரசமும் வரும். கிறிஸ்துமஸுக்கு என் வீட்டிலிருந்து கல்கலும் அச்சு முறுக்கும் போகும். சாமிக்குப் படைத்துவிட்டு எடுக்கிற முதல் தட்டு டீச்சருக்கு என்று அக்கா ஒரு வழக்கம் வைத்திருந்தார். அது எனக்குப் பெரிய கௌரவம்.

அப்படி இருக்கையில்தான் எனக்குத் தாகம் எடுக்கத் தொடங்கியது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தேன், ஆள் இளைத்தேன். லஸ் பக்கத்தில் இருந்த வயசான டாக்டரிடம் போனேன். அம்மாவையும் பார்த்தவர் அவர்தான். சோதனைக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அம்மாக்கு இருந்ததோல்லியோ, ஒங்களுக்கும் வந்துடுத்து. மாத்திரை இப்ப வேண்டாம். ராத்திரி சாதத்தை விட்டுடுங்கோ. கீரை, பயறு, மோர் இதெல்லாம் வஞ்சனையில்லாம சாப்பிடலாம். இனிப்பு இருக்கற பக்கம் தலைவெச்சுப் படுக்கப்படாது. கார்த்தால நடக்கணும். நடக்கறதுன்னா தெருவுல நின்னு நின்னு பேசிண்டு போறது இல்லை. வேர்க்கணும்."

அம்மாவுக்குச் சர்க்கரை முற்றி ஒரு காலை எடுத்தார்கள். அந்த நாட்களில் வீட்டுக்கு வராத ஆள் இல்லை. ஆரஞ்சுப் பழத்தோடு வருவார்கள், அம்மாவின் கட்டுப்போட்ட காலைப் பார்ப்பார்கள், பிறகு திரும்பி என்னைப் பார்ப்பார்கள். "பாவம், கட்டிக் குடுக்காத பொண்ணு வேற" என்று என் காது கேட்கவே சொல்வார்கள். அம்மாவுக்குக் கால் வலித்ததைவிட அது எனக்கு வலித்தது. ஆகவே டாக்டர் வீட்டுப் படி இறங்கும்போதே முடிவு செய்துவிட்டேன். இந்த வியாதி எனக்கும் டாக்டருக்கும் தெரிந்தால் போதும். ஒரு ஆரஞ்சுப் பழம் என் வாசல்படி ஏறக் கூடாது.

நடக்க வேண்டும், ஆனால் ஏன் நடக்கிறேன் என்று ஒருவரும் கேட்கக் கூடாது. அம்மாவின் ஜெபப் புத்தகம் அலமாரியில் இருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு, சேலைத் தலைப்பால் முக்காடு போட்டுக்கொண்டு புறப்பட்டேன். தெருவில் யார் பார்த்தாலும் காலைப் பூசைக்குப் போகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். கேள்வி கிடையாது. பொய்யும் சொல்லவில்லை, பாருங்கள். நான் வாயே திறக்கவில்லை. தெருமுனை வரை கோயிலுக்குப் போகிற நடை. முனை திரும்பியதும் தெற்கே பட்டினப்பாக்கம் பக்கம் எட்டி வைத்துவிடுவேன்.

முதலில் கண்டுபிடித்தது ஒரு மீன்காரம்மாதான். கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னா டீச்சரம்மா, கோயிலு அந்தாண்ட கீது. நீ டெய்லி இந்தாண்ட போய்க்கினு கீறே?"

"கடற்கரையில உக்காந்து ஜெபம் பண்ணப் போறேன்" என்றேன்.

"பண்ணு, பண்ணு. அப்பிடியே எங்க ஊட்டுக்காரன் குடிய வுடணும்னு ஒண்ணு சொல்லிக்கோ" என்று போய்விட்டாள். அதன் பிறகு அவள் கணவனுக்காகவும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டேன். அவன் விட்டானா என்று எனக்குத் தெரியாது.

கடற்கரை என்றதும் கவிதை எழுதத் தோன்றும். காலை வேளையில் அந்தக் கரையில் காலைப் பார்த்து வைக்க வேண்டும், அது வேறு விஷயம். குப்பங்களைத் தாண்டிவிட்டால் ஆற்று முகத்துவாரம் வரை மணல்தான். அடும்புக் கொடி மணல்மேட்டில் படர்ந்து ஊதாப் பூவாகப் பூத்திருக்கும். நண்டுகள் என் காலடி கேட்டு வளைக்குள் ஓடும். ஆறு கடலோடு சேரும் இடத்தில் வெயில் காலத்தில் மணல் அடைத்துக்கொள்ளும். மழை கொட்டினால் உடைத்துக்கொண்டு போகும். மழை ஓய்ந்த மாதங்களில் எங்கிருந்தோ சின்னச் சின்ன உள்ளான் குருவிகள் கூட்டமாக வந்து இறங்கும். அலை பின்வாங்கினால் அதன் பின்னாலேயே ஓடிக் கொத்தும், அலை வந்தால் எல்லாமாகத் திரும்பி ஓடிவரும். பள்ளிக்கூட மணி அடித்ததும் என் வகுப்புப் பிள்ளைகள் இப்படித்தான். அவற்றைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பக்கத்தில் யாரிடமாவது காட்டலாம் என்று தன்னிச்சையாகத் திரும்புவேன். பக்கத்தில் மணல் இருக்கும். அந்த ஒரு நிமிடம் எனக்குப் பிடிக்காது. அழகான எதையாவது பார்த்த அன்றைக்கெல்லாம் சீக்கிரமே திரும்பிவிடுவேன்.

சாப்பாட்டை மாற்றியது இன்னொரு கூத்து. கேழ்வரகு என்றால் அப்போது ஏழைச் சோறு. அரிசிக்குத் தட்டுப்பாடு வந்த வருடங்களில் வேறு வழியில்லாமல் தின்றதை, அரிசி கிடைக்கிற காலத்தில் ஒரு டீச்சர் வாங்கினால் மளிகைக்கடைக்காரர் ஏற இறங்கப் பார்ப்பார். "கோழிக்குங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். இல்லாத கோழிக்கு மாதாமாதம் கேழ்வரகு வாங்கி நான் அடை தட்டித் தின்றேன். முருங்கைக்கீரை கிணற்றடி மரத்திலேயே இருந்தது.

என் நாக்கு இருக்கிறதே, அது லேசுப்பட்டது அல்ல. இனிப்பு கேட்கும். அதை மிரட்டிப் பயனில்லை என்று அதற்கு லஞ்சம் கொடுக்கப் பழகினேன். வேர்க்கடலையைத் தோலோடு உப்புப் போட்டு அவித்து வைப்பேன். முளைகட்டிய பயறில் மாங்காயைப் பொடியாக நறுக்கிப் போடுவேன். கெட்டிக் கொய்யாவைக் கீறி மிளகாய்த்தூள் தடவுவேன். நெல்லிக்காயைக் கடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தால் ஒரு தித்திப்பு வருமே, சர்க்கரை வியாதிக்காரிக்குச் சாமி கொடுத்த மிட்டாய் அதுதான். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஒரு ஆளுக்கு என்று கால் ஆழாக்குப் பயறு முளைகட்டும்போது மட்டும் எரிச்சல் வரும். அதையும் தின்று முடிக்க முடியாமல் மறுநாள் காக்கைக்கு வைப்பேன்.

தீபாவளி வந்தது. அன்று காலை நான் நடந்துவிட்டு முக்காடும் புத்தகமுமாக வாசலில் நுழைகிறேன். அக்கா புதுச்சேலை சரசரக்கத் தட்டோடு இறங்கி வருகிறார். கமகமவென்று நெய் மணம். முந்திரிக்கொத்து கோபுரமாக அடுக்கியிருந்தது.

"இந்தாங்க டீச்சர், இப்பதான் சாமிக்குப் படைச்சேன். மொதத் தட்டு."

வாங்கி வைத்துக்கொண்டு யாருக்காவது கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். என்னை எனக்குத் தெரியும். அதற்கு முந்தின மாதம் யாரோ ஒரு பிள்ளையின் அம்மா கொடுத்த மைசூர்பாகு டப்பாவை, பள்ளியில் பங்கு போடலாம் என்று வைத்தேன். விடிந்தபோது டப்பாதான் மிச்சம். வீட்டுக்குள் வந்தால் முடிந்தது கதை.

"எனக்கு வேணாங்க அக்கா" என்றேன்.

அக்கா சிரித்தார். "என்ன டீச்சர், புதுசா?"

"இல்லக்கா, வேணாம்." காரணம் சொன்னால் அடுத்த வாரமே ஆரஞ்சுப் பழம் வரும். புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். அக்காவின் கண் அந்தப் புத்தகத்துக்குப் போனது, முக்காட்டுக்குப் போனது, திரும்ப என் முகத்துக்கு வந்தது. சிரிப்பு மெல்ல அடங்கியது. "சரி டீச்சர்" என்று சொல்லிவிட்டுத் தட்டோடு மேலே ஏறிப் போனார்.

அப்போது எங்கள் தெருவில் சிலர் ஏதோ ஒரு ஜெபக் கூட்டத்துக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். போன வேகத்தில், அடுத்த வீட்டில் சாமிக்குப் படைத்த பலகாரத்தை வாங்குவதில்லை என்றும் ஆகிவிட்டார்கள். அக்காவும் அதைக் கேள்விப்பட்டிருந்தார். நாள் தவறாமல் விடியற்காலையில் புத்தகமும் முக்காடுமாகப் போகிற டீச்சர், படைத்த பலகாரத்தை வேண்டாம் என்றால் வேறென்ன நினைப்பார்? எனக்கு அன்று இது எதுவும் உறைக்கவில்லை. பலகாரம் போனது, பிழைத்தோம் என்று கதவைச் சாத்தினேன்.

மறுநாளிலிருந்து அரிசி முறம் கீழே இறங்கவில்லை.

சண்டை எதுவும் கிடையாது. எதிரில் பார்த்தால் சிரிப்பார், ஒதுங்கி வழிவிடுவார். அந்த வழிவிடுதல்தான் என்னைக் கொன்றது. நெருங்கியவர்கள் வழிவிட மாட்டார்கள், இடித்துக்கொண்டு போவார்கள். கிறிஸ்துமஸுக்கு வழக்கம்போலத் தட்டு அனுப்பினேன். வாங்கிக்கொண்டார்கள். தட்டைத் திருப்பும்போது வெறுந்தட்டாகத் தரக் கூடாது என்று ஒரு கை சர்க்கரையோ வீட்டுப் பலகாரமோ போட்டுத் தருவது அக்காவின் வழக்கம். அந்த முறை கடையில் வாங்கிய வாழைப்பழம் ஒரு சீப்பு வந்தது, காம்புகூடக் கிள்ளாமல். அவர் அடுப்பில் செய்தது எதுவும் எனக்குக் கிடையாது என்கிறாரா என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் ரோஷம் உண்டு. நீ ஒரு முழம் விலகினால் நான் இரண்டு முழம் என்று நானும் இருந்துவிட்டேன்.

இப்படியே வருடங்கள் ஓடின. என் உடம்பு மட்டும் சொன்னபேச்சுக் கேட்டது. அறிவியல் டீச்சர் என்பதால் சிறுநீர்ச் சோதனையை வீட்டிலேயே செய்வேன். நீல மருந்தில் சொட்டு விட்டுக் காய்ச்சினால் முதலில் செங்கல் நிறம் வரும். பிறகு மஞ்சளாயிற்று, பச்சையாயிற்று. ஒரு நாள் காய்ச்சக் காய்ச்ச நீலம் நீலமாகவே நின்றது. சர்க்கரை இல்லை. குழாயைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு ஓடிவந்தேன். கூடத்தில் நாற்காலி இருந்தது. அம்மாவின் படம் இருந்தது. மாடியில் அக்கா அம்மியில் ஏதோ அரைக்கிற சத்தம் கேட்டது. படிக்கட்டு வரை போனேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. திரும்பி வந்து குழாயைக் கழுவி வைத்தேன். அன்றுதான் எனக்கு அழுகை வந்தது. வியாதி வந்த அன்று வரவில்லை.

அண்ணாச்சி தி. நகரில் கடைக்குப் பக்கத்திலேயே வீடு கட்டிக்கொண்டார். புதுமனை புகுவிழாவுக்குப் பத்திரிகை கொடுக்க அக்காவே வந்தார், ஆனால் உள்ளே வந்து உட்காரவில்லை. "சாப்பிட மாட்டீங்கன்னு தெரியும். வந்து தலையக் காட்டிட்டாவது போங்க டீச்சர்" என்றார்.

போனேன். வீடு நிறையத் திருநெல்வேலிச் சொந்தங்கள். ஓமப் புகையில் கண் எரிந்தது. ஓரமாக நின்ற என்னை அக்கா கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு பின்பக்கத்து அறைக்குப் போனார், கதவை ஒருக்களித்தார். மரப்பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னத் தூக்குச்சட்டியை எடுத்தார். திறந்தால் சர்க்கரைப் பொங்கல்.

"படைக்கதுக்கு முன்னாலயே எடுத்து வச்சிட்டேன் டீச்சர். எங்க அத்தைக்குத் தெரியாது. தெரிஞ்சா கொன்னே போடுவாங்க. நீங்க தாராளமா சாப்பிடலாம், இது சாமிக்குக் காட்டாதது."

அந்த வீட்டுச் சமையல்கட்டில் படைப்பதற்கு முன் உப்புக்கூடப் பார்க்க மாட்டார்கள். புது வீட்டின் முதல் பொங்கலில், சாமிக்கு முந்தி எனக்கு எடுத்துவைத்திருக்கிறார். படைக்காத பழம் என்று எனக்குத் தெரியத்தான் வாழைப்பழச் சீப்பு காம்புகூடக் கிள்ளாமல் கடையில் வாங்கியபடியே வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. நான் அவமானம் என்று நினைத்ததெல்லாம் மரியாதை.

"அக்கா, எனக்குச் சர்க்கரை வியாதி" என்றேன். "அம்மாவுக்கு இருந்ததே, அது. தீபாவளிக்கு வேணாம்னு சொன்னது அதுக்குத்தான்."

அக்கா தூக்குச்சட்டியை மூடினார்.

"அப்ப தெனமும் கோயிலுக்குப் போனீங்களே?"

"கோயிலுக்குப் போகல. டாக்டர் நடக்கச் சொன்னாரு. கடற்கரைப் பக்கமா நடப்பேன்."

"தனியாவா?"

"தனியாத்தான்."

அக்கா சுவரில் சாய்ந்துகொண்டார். "எனக்கும் டாக்டர் நடக்கத்தான் சொன்னாரு டீச்சர். ரத்தக் கொதிப்பு. தனியா போகக் கூடாதுன்னுட்டாக இவுக. நீங்க வெளிய கெளம்புததை மாடில நின்னு தெனமும் பாப்பேன். டீச்சர்கூடப் போவமான்னு இருக்கும். சாமி கும்பிடப் போறவங்க பின்னால நான் எப்படி வாரதுன்னு நின்னுட்டேன்."

வெளியே யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இருங்க, மோராவது குடிச்சிட்டுப் போங்க" என்று போனார். கூட்டத்தில் அவரால் திரும்பி வர முடியவில்லை. நானும் சற்று நேரம் இருந்துவிட்டுக் கிளம்பினேன்.

பஸ் ஏறவில்லை. தேனாம்பேட்டை, ஆழ்வார்பேட்டை, லஸ் என்று மயிலாப்பூர் முழுக்க வெயிலில் நடந்தே வந்தேன். வழியெல்லாம் மனசுக்குள் அக்காவிடம் பேசிக்கொண்டே வந்தேன். உள்ளான்களைப் பற்றிச் சொன்னேன். மணல் உடைத்துக்கொள்கிற நாளில் ஆறு போடுகிற சத்தத்தைப் பற்றிச் சொன்னேன். இல்லாத கோழியைப் பற்றிச் சொன்னபோது அவர் சிரித்தார். எத்தனை காலைகள், அத்தனையும் இரண்டு பேர் நடந்திருக்க வேண்டியவை. அந்த ஆத்திரம் எனக்கு இன்றும் தீரவில்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

பிறகு சில ஞாயிற்றுக்கிழமைகள் தி. நகருக்குப் போனேன். அந்த வீட்டில் எப்போதும் ஊர்க்காரர்கள் இருந்தார்கள். அக்கா வாசல் வரை வந்து வழியனுப்புவார். சேர்ந்து நடக்க நேரம் வாய்க்கவில்லை. அவர்கள் காலி செய்த மாடிக்கு அடுத்த மாதமே வேறு குடித்தனம் வந்தது. வண்டியிலிருந்து சாமான் இறங்கிக்கொண்டிருந்தது. என் வயதில் ஒரு அம்மாள் இடுப்பில் குடத்தோடு வாசலில் நுழைந்தாள். நான் கதவைத் திறந்து நேரே அவளிடம் போனேன். பெயர்கூடக் கேட்கவில்லை.

"நான் கீழ் போர்ஷன். எனக்குச் சர்க்கரை வியாதி இருக்கு. தினமும் விடியற்காலையில கடற்கரைக்கு நடக்கப் போவேன். நீங்களும் வர்றீங்களா?"

அவள் குடத்தை இறக்கிவைக்கவும் இல்லை, மேலே ஏறவும் இல்லை. என்னை மிரண்டுபோய் ஒரு பார்வை பார்த்தாள்.

"இப்பதாங்க வந்திருக்கோம்" என்று சொல்லிவிட்டு, சுவரோரமாக ஒதுங்கி மாடியேறிப் போனாள்.